ஆர்ல் புகைப்பட விழாவின் கதை: நெல்லையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் நாங்கள் சில பேர் அவ்வப்போது கூடி, சுவரில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிப் படங்களைப் போட்டுப் பார்ப்போம். கல்யாணப் படம் எடுப்பவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், பறவை பார்க்கக் கூந்தன்குளம் போகிறவர்கள், ஸ்டுடியோ நடத்தி ஓய்ந்த பெரியவர்கள் என்று கலவையான கூட்டம். பிரான்சில் ஆர்ல் என்ற ஊரில் 1970 முதல் நடந்துவரும் சர்வதேசப் புகைப்பட விழாவைப் பற்றிப் பேச்சு எழுந்தால் கேள்விகள் நிற்பதில்லை. திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். என் விருப்பு வெறுப்பும் பதில்களில் கலந்திருக்கும். அதற்குத் தகுந்தபடி வாசித்துக்கொள்ளுங்கள்.

ஆர்ல் எங்கே இருக்கிறது? பாரிஸுக்குப் பக்கமா?

இல்லை, நல்ல தூரம். பிரான்சின் தென்கோடியில், ரோன் ஆறு மத்தியதரைக் கடலை அடையும் முன் இரண்டாகப் பிரிகிற இடத்தில் இருக்கிறது. சுமார் 50,000 பேர் வாழும் ஊர். 2011 கணக்குப்படி நம் திருநெல்வேலி மாநகராட்சியின் மக்கள்தொகையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. ஆனால் பரப்பில் மிகப் பெரிது. ஊர் எல்லைக்குள் கமார்க் என்ற சதுப்பு நிலமும் வருகிறது. அங்கே நெல் விளைகிறது, பூநாரைகள் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. நம் ஆட்கள் அங்கே போனால் அவ்வளவு அந்நியமாகத் தெரியாது.

ஊர் பழையது. ரோமானியர் கட்டிய வட்ட அரங்கமும் திறந்தவெளி நாடக அரங்கும் இன்றும் நிற்கின்றன. 1981இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வான்கோ 1888 பிப்ரவரியில் இங்கே வந்து ஓராண்டுக்கும் சற்று மேல் தங்கி 300க்கும் மேற்பட்ட ஓவியங்களும் கோட்டுச் சித்திரங்களும் வரைந்தார். அப்போது அக்கம்பக்கத்தார் அவரை அடைத்து வைக்கச் சொல்லி மனுக் கொடுத்தார்கள். இப்போது ஊரில் திரும்பின பக்கமெல்லாம் அவர் பெயர்தான். கலைஞரை உயிரோடு இருக்கும்போது விரட்டுவதில் எல்லா ஊரும் ஒன்றுதான் போல.

விழாவைத் தொடங்கியது யார்?

மூன்று நண்பர்கள். லூசியன் கிளேர்க் புகைப்படக்காரர், மிஷேல் தூர்னியே எழுத்தாளர், ஜான்-மோரிஸ் ரூகெத் அருங்காட்சியகக் காப்பாளர். இவர்களில் கிளேர்க்கைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். விழாவின் குணம் முழுக்க அவரிடமிருந்து வந்தது என்பது என் எண்ணம்.

1934இல் ஆர்லிலேயே பிறந்தவர். வசதியான வீடு இல்லை. தாயார் மளிகைக் கடை வைத்திருந்தார். பையனுக்கு ஏழு வயதிலேயே வயலின் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் இசைக் கல்லூரிக்கு அனுப்பப் பணமில்லை. 1944 குண்டுவீச்சில் வீடு போயிற்று. தாயார் 1952இல் இறந்தார். பையன் தொழிற்சாலை வேலைக்குப் போனான். கிடைத்த நேரத்தில் இடிபாடுகளையும், செத்துக் கிடந்த விலங்குகளையும், கூத்தாடி வேடமிட்ட தெருக் குழந்தைகளையும் படம் எடுத்தான்.

1953இல் ஆர்லில் நடந்த ஒரு காளைச் சண்டையைப் பார்க்கப் பிக்காசோ வந்திருந்தார். கிளேர்க்குக்கு அப்போது வயது 19கூட நிரம்பவில்லை. அரங்கத்துக்கு வெளியே அவரை மடக்கித் தன் படங்களைக் காட்டினார். பிக்காசோ பார்த்துவிட்டு இன்னும் வேண்டும் என்று கேட்டார். அதற்குப் பிறகு பிக்காசோவின் வாழ்நாள் முழுவதும் அந்த நட்பு நீடித்தது. 1957இல் கவிஞர் பால் எலுவாரின் கவிதைகளோடு கிளேர்க்கின் படங்கள் புத்தகமாக வந்தபோது அட்டையை வரைந்து கொடுத்தவரும் பிக்காசோதான்.

தூர்னியே 1960களில் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் புகைப்படக்காரர்களைப் பற்றி நிகழ்ச்சி நடத்தியவர். விழா தொடங்கிய அதே 1970இல் அவருக்குப் பிரான்சின் பெரிய இலக்கியப் பரிசான கோன்கூர் கிடைத்தது. ரூகெத் உள்ளூர் வரலாற்றாளர். ஊரின் அருங்காட்சியகங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. ஒருவர் கையில் தொடர்புகள், ஒருவர் கையில் பேனா, ஒருவர் கையில் சாவிக்கொத்து. மூன்றாவது ஆளை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. சாவி இல்லாமல் கண்காட்சி ஏது?

புகைப்படம் பிறந்ததே பிரான்சில். அங்கேயே இதற்காகப் போராட வேண்டியிருந்ததா?

ஆமாம். 1839இல் பாரிஸில்தான் அந்தக் கண்டுபிடிப்பை உலகத்துக்கு அறிவித்தார்கள். ஆனாலும் பிரெஞ்சுக் கலை அருங்காட்சியகங்கள் அதை ஆவணமாகவோ கைத்தொழிலாகவோ மட்டுமே நினைத்தன. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1940லேயே புகைப்படத்துக்குத் தனித்துறை வைத்துவிட்டது. 1961இல் கிளேர்க்கின் படங்கள் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டன. ஓவியமும் புகைப்படமும் ஒரே கட்டடத்தில் ஒரே மரியாதையோடு தொங்குவதைக் கண்டுவந்தவருக்கு ஊரில் சும்மா இருக்க முடியவில்லை.

1965இல் அவரும் ரூகெத்தும் ஆர்லின் ரேயாத்து அருங்காட்சியகத்தில் ஒரு புகைப்படத் தொகுப்பைத் தொடங்கினார்கள். வாங்கக் காசு கிடையாது. கிளேர்க் உலகெங்கும் இருந்த புகைப்படக்காரர்களுக்குக் கடிதம் எழுதி, படங்களைத் தானமாகக் கேட்டார். அவர்களும் கொடுத்தார்கள். பிரான்சில் ஒரு கலை அருங்காட்சியகம் புகைப்படத்துக்குத் தனிப்பிரிவு வைத்தது அதுதான் முதல் தடவை. பாரிஸில் நடக்காதது ஒரு சின்ன ஊரில் நடந்தது.

விழாவின் கதையைச் சொல்பவர்கள் 1970இல் தொடங்குவார்கள். நான் 1965இலிருந்து தொடங்குவேன். முதலில் படங்களைச் சேர்த்தார்கள், ஐந்து வருடம் கழித்துத்தான் ஆட்களைக் கூப்பிட்டார்கள். நம் பக்கம் இதைத் தலைகீழாகச் செய்வதுதான் வழக்கம். முதலில் மேடை, ஃபிளக்ஸ், தலைவர், பொன்னாடை, படம் கடைசியில்.

அந்தப் பகுதியில் இதற்கு முன்மாதிரி இருந்ததா?

இருந்தது. பக்கத்து ஊரான அவிஞோனில் ஜான் விலார் 1947இல் நாடக விழாவைத் தொடங்கினார். எக்ஸ்-ஆன்-புரோவான்ஸில் 1948 முதல் இசை நாடக விழா. இரண்டும் கோடைக்காலத்தில், பழைய கட்டடங்களின் முற்றத்தில், திறந்த வானத்தின் கீழ் நடப்பவை. பாரிஸ்காரர்கள் கோடை விடுமுறைக்குத் தெற்கே வருவார்கள் என்ற கணக்கும் அதில் உண்டு. ஆர்ல் புகைப்படத்தை எடுத்துக்கொண்டது.

முதல் விழா பிரமாண்டமாக நடந்ததா?

கொஞ்சமும் இல்லை. சில கண்காட்சிகள், சில உரையாடல்கள், கொஞ்சம் நண்பர்கள். அமெரிக்கரான எட்வர்ட் வெஸ்டன், ஜான் மிலி போன்றோரின் படங்கள் வைக்கப்பட்டன. வெஸ்டன் 1958லேயே இறந்துவிட்டார். ஆனாலும் ஐரோப்பாவில் அவர் அசல் பிரிண்டுகளைப் பார்த்தவர்கள் அப்போது குறைவு. புத்தகத்தில் அச்சான படத்தைப் பார்ப்பதும் புகைப்படக்காரர் தன் கையால் போட்ட பிரிண்டைப் பார்ப்பதும் வேறு வேறு அனுபவம். டார்க் ரூமில் கை நனைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்த சில வருடங்களில் பட்டியல் விறுவிறுவென்று நீண்டது. 1972இல் பழைய பாரிஸைப் படமெடுத்த அட்ஜே. 1973இல் பால் ஸ்ட்ராண்ட், இமோஜன் கன்னிங்ஹாம். 1974இல் பிராசாய், ஆன்செல் ஆடம்ஸ். 1975இல் கெர்டெஸ், கார்ஷ், துவானோ. 1976இல் மேன் ரே, பில் பிராண்ட், மார்க் ரிபூ. புகைப்பட வரலாற்றுப் பாடப்புத்தகத்தில் வரும் பெயர்கள் பலவும் முதல் ஏழு வருடத்துக்குள் அந்தச் சின்ன ஊர் வழியாகப் போய்விட்டன.

இரவுத் திரையிடல் என்கிறார்களே, அது என்ன?

எனக்குப் பிடித்த பகுதி இதுதான். அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

பகலில் ஊர் முழுக்கக் கண்காட்சிகள்: தேவாலயங்கள், மடங்கள், பழைய மாளிகைகள், கடைத்தெருவின் காலிக் கட்டடங்கள். இருட்டியதும் எல்லோரும் ஓர் இடத்தில் கூடுவார்கள். ஆரம்ப வருடங்களில் பழைய பேராயர் மாளிகையின் முற்றம். பிற்பாடு கூட்டம் பெருகியதால் ரோமானிய நாடக அரங்கம், அதாவது 2,000 வருடம் பழைய கல் படிகள். பெரிய திரையில் படங்களைக் காட்டுவார்கள். புகைப்படக்காரர் பக்கத்தில் இருந்து பேசுவார், அல்லது இசை ஒலிக்கும்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். சினிமாவைக் கூட்டமாகப் பார்த்துப் பழகியிருக்கிறோம். கூத்தும் பட்டிமன்றமும் அப்படியே. நிழற்படத்தை மட்டும் ஆளுக்கு ஆள் தனியாகப் பார்க்கிறோம்: ஆல்பத்தில், இப்போது போனில். ஒரே படத்தை ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பார்க்கும்போது அது வேறு மாதிரி வேலை செய்கிறது. பக்கத்தில் இருப்பவர் சிரிக்கிறார், நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று யோசிக்கிறோம். பிடிக்காவிட்டால் எழுந்து போகிறார்கள், சத்தம் போடுகிறார்கள், அப்புறம் நள்ளிரவு வரை காப்பிக் கடையில் சண்டை போடுகிறார்கள். ஃபோரம் சதுக்கத்தின் காப்பிக் கடைகளில் இளைஞர்கள் பிரிண்ட் பெட்டியோடு உட்கார்ந்து, வருகிற பெரிய ஆட்களிடம் நேரடியாகக் காட்டுவார்கள். பிக்காசோவைக் கிளேர்க் மடக்கிய கதை அங்கே வருடாவருடம் திரும்ப நடக்கிறது.

இப்போது அந்தப் பெட்டிக் கலாச்சாரத்துக்குப் பதிவுக் கட்டணத்தோடு ஒரு முறையான ஏற்பாடு வந்துவிட்டது. நிபுணர்களிடம் நேரம் குறித்துக்கொண்டு படங்களைக் காட்டலாம். வசதிதான். காப்பிக் கடையில் மடக்குவதில் இருந்த துணிச்சல் மட்டும் அதில் இல்லை.

ஆன்செல் ஆடம்ஸ் உண்மையிலேயே வந்தாரா?

வந்தார், 1974இல். மலைகளையும் காடுகளையும் எடுத்த அந்த மனிதர் ஐரோப்பாவுக்கு வந்ததே அபூர்வம். நம் கூட்டத்தில் அகஸ்தியர் மலையையும் மாஞ்சோலையையும் எடுக்கிற தம்பிகள் இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதில்லை.

கிளேர்க் எழுத்தே இல்லாமல் ஆய்வேடு கொடுத்தார் என்பது கட்டுக்கதையா?

உண்மைதான். 1979இல் புரோவான்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு மணலைப் பற்றிய படங்களை மட்டுமே ஆய்வேடாகச் சமர்ப்பித்தார். பட்டமும் கிடைத்தது. அது புத்தகமாக வந்தபோது இலக்கியத் திறனாய்வாளர் ரொலான் பார்த் முன்னுரை எழுதினார். 2006இல் பிரான்சின் நுண்கலை அகாதெமிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். புகைப்படக்காரர் ஒருவரை அந்த அகாதெமி சேர்த்துக்கொண்டது அதுவே முதல் தடவை. 2014இல் காலமானார். நம் பல்கலைக்கழகங்களில் இப்படி ஒரு ஆய்வேட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் முதலில் பக்க எண்ணிக்கை கேட்பார்கள்.

ரயில் பட்டறைக்கும் விழாவுக்கும் என்ன சம்பந்தம்?

விக்கிரமசிங்கபுரத்துக்கு ஆலை எப்படியோ, அப்படித்தான் ஆர்லுக்கு ரயில் பட்டறை. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அங்கே என்ஜின்களைக் கட்டினார்கள், பழுது பார்த்தார்கள். ஊரில் நிறையக் குடும்பங்கள் அதை நம்பித்தான் இருந்தன. 1984இல் பட்டறை மூடப்பட்டது. ஊர் நடுவில் பெரிய பெரிய கொட்டகைகள் காலியாகக் கிடந்தன.

2000களில் விழா அந்தக் கொட்டகைகளுக்குள் கண்காட்சிகளைப் பரப்பியது. கூரை உயரம், தூசி, துருப்பிடித்த தூண்கள், உள்ளே அடிக்கிற அனல் எல்லாம் சேர்ந்து விழாவுக்கே ஒரு முகம் கொடுத்தன. அந்தக் கொட்டகைகளில் தொங்கிய படங்களின் புகைப்படங்களைப் பார்த்தாலே எனக்குப் பொறாமையாக இருக்கும்.

பிறகு மாயா ஹாஃப்மன் என்ற புரவலரின் லூமா அறக்கட்டளை அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. கட்டடக் கலைஞர் பிராங்க் கெரி வடிவமைத்த பளபளக்கும் கோபுரம் 2021இல் திறக்கப்பட்டது. இடம் கைமாறிய விதம் அப்போதைய விழா இயக்குநர் பிரான்சுவா எபெலுக்குப் பிடிக்கவில்லை. 2014 விழாவோடு அவர் விலகினார். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. கொட்டகைகள் இடிந்து போகாமல் சீரமைக்கப்பட்டதற்குத் தனியார் பணம்தான் காரணம். அதே சமயம், இடம் யாருடையதோ அவர் சொல் ஓங்கும். 40 வருடத்துக்கும் மேல் பழகிய ஊரிலேயே விழா வாடகைக்காரர் போல ஆகிவிடும். கோயில் மண்டபத்தில் நிகழ்ச்சி நடத்தி, பிறகு தனியார் கல்யாண மண்டபத்துக்கு மாறியவர்களுக்கு இது புரியும்.

இடையில் விழா படுத்துவிட்டதாகச் சொல்கிறார்களே?

1990களின் கடைசியில் பணச் சிக்கல் இருந்தது, வருகிறவர்களும் குறைவு. 2001இல் சுமார் 9,000 பேர்தான் வந்தார்கள். 1986, 87இல் ஏற்கெனவே இயக்குநராக இருந்த எபெல் திரும்பக் கொண்டுவரப்பட்டார். புதியவர்களுக்கான கண்டுபிடிப்புப் பரிசு 2002இல் வந்தது. 2004இல் பிரிட்டிஷ் புகைப்படக்காரர் மார்ட்டின் பார் விருந்தினராக நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுத்தார். அந்த வருடத்தை இன்றும் பேசுகிறார்கள். 2013இல் வருகை 96,000. பிறகு, அடுத்த இயக்குநர் சாம் ஸ்துர்சே காலத்தில், 2019 வாக்கில் 1,40,000ஐத் தாண்டியது. 2020 முதல் இயக்குநர் கிறிஸ்டோஃப் வீஸ்னர்.

எண்ணிக்கை ஏறியது நல்லதுதான். ஆனால் 1970களில் வந்தவர்கள் எழுதியதை வாசித்தால், யாரும் யாரிடமும் பேசலாம் என்கிற நெருக்கம்தான் அவர்களுக்கு நினைவில் நிற்கிறது. லட்சம் பேருக்கு அது கிடைக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

கொரோனா சமயத்தில் என்ன செய்தார்கள்?

2020 விழாவை ரத்து செய்தார்கள். 2019இல்தான் 50ஆவது விழாவைக் கொண்டாடியிருந்தார்கள். 2021இல் நடந்ததை 52ஆவது என்று போட்டார்கள். நடக்காத விழாவுக்கும் கணக்கில் இடம் உண்டு.

பெண் புகைப்படக்காரர்களுக்கு இடம் இருந்ததா?

ஆரம்பத்திலிருந்தே சிலர் இருந்தார்கள், ஆனால் சிலர் மட்டும்தான். 2018இல் நூற்றுக்கணக்கானோர் கையெழுத்திட்டு, பெண்கள் எங்கே என்று இயக்குநரிடம் கேட்டு ஒரு பிரெஞ்சு நாளிதழில் பகிரங்கக் கடிதம் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு நிலைமை தெளிவாக மாறியது. 2019 முதல் பெண் புகைப்படக்காரர் ஒருவருக்கு ஆண்டுதோறும் விருது தரப்படுகிறது. முதலாவதாகப் பெற்றவர் சூசன் மெய்செலாஸ், 2024இல் ஜப்பானின் இஷியூச்சி மியாக்கோ. கேட்காமல் எதுவும் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். எங்கள் கூட்டத்துக்கு வரும் பெண் பிள்ளைகளிடம் இந்தக் கடிதத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்வேன்.

ஊர்க்காரர்களுக்கு அதனால் என்ன கிடைத்தது?

நிறையக் கிடைத்தது, கொஞ்சம் போகவும் செய்தது.

பெரிய லாபம் 1982இல் வந்த தேசியப் புகைப்படக் கல்லூரி. விழா இல்லையென்றால் அந்தக் கல்லூரி ஆர்லுக்கு வந்திருக்காது. இப்போது அதற்குப் புதுக் கட்டடமும் இருக்கிறது. இன்னொரு நல்ல காரியம் 2004இல் தொடங்கியது: கோடை முடிந்து பள்ளி திறக்கும் செப்டம்பரில், ஆயிரக்கணக்கான மாணவர்களை வகுப்பு வகுப்பாக அழைத்துவந்து கண்காட்சிகளைக் காட்டி விளக்குகிறார்கள். விழா செப்டம்பர் வரை நீள்வதற்கு இதுவே போதுமான காரணம் என்பேன்.

போனது என்ன? கோடையில் வாடகை எகிறுகிறது. வீடுகள் விருந்தினர் அறைகளாகிவிட்டன. எல்லா ஊர்க்காரர்களும் கண்காட்சிக்குள் கால் வைக்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. குற்றால சீசனில் தென்காசிப் பக்கம் அறை தேடியவர்களுக்கு இந்தக் கதையின் ஒரு பாதி முன்பே தெரிந்திருக்கும்.

இந்தியர்கள் யாராவது அங்கே போயிருக்கிறார்களா? தமிழர்கள்?

2007இல் இந்தியப் புகைப்படக்கலைக்கு விழா தனி இடம் கொடுத்தது. பாப்லோ பார்த்தலோமியூ தன் இளமைக் காலத்தில், 1970களிலும் 80களிலும் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் அந்த வருடம் அங்கே வைக்கப்பட்டன. கிளேர்க் உறுப்பினராக இருந்த அதே நுண்கலை அகாதெமி, வில்லியம் கிளைன் பெயரிலான புகைப்பட விருதை 2019இல் முதன்முதலாக ரகு ராய்க்குக் கொடுத்தது. தெற்காசியப் புகைப்படக்காரர்களுக்கென்று விழாவும் ஓர் இந்திய அறக்கட்டளையும் சேர்ந்து ஒரு நிதியுதவியும் வழங்குகின்றன. அதைப் பெற்றவர்களில் புருஷோத்தமன் சதீஷ்குமார் என்ற தமிழரும் ஒருவர். சின்ன ஊரில் வளர்ந்த பையனின் வாழ்க்கைதான் அவர் படங்களுக்குப் பொருள்.

ஆர்லைப் பார்த்து வேறு எங்கெல்லாம் விழா தொடங்கினார்கள்?

அமெரிக்காவின் ஹூஸ்டனில் பிரெட் பால்ட்வினும் வெண்டி வாட்ரிஸும் ஆர்லுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் ஒரு விழாவைத் தொடங்கினார்கள். அங்கே முதல் விழா 1986. சீனாவின் சியாமென் நகரில் 2015 முதல் ஆர்லோடு கைகோத்து ஒரு விழா நடக்கிறது. மாலி நாட்டின் பமாக்கோ விழா 1994. அந்த ஊரைப் பற்றி அடுத்த பதிலில் சொல்கிறேன்.

நம் பக்கத்தில் டாக்காவின் சோபி மேளாவை ஷாஹிதுல் ஆலம் 2000இல் தொடங்கினார். கண்காட்சிகளை ரிக்‌ஷா வண்டியில் ஏற்றித் தெருத்தெருவாகக் கொண்டுபோன விழா அது. சென்னைப் புகைப்பட ஈராண்டு விழா 2016இல் தொடங்கியது. 2019இல் கலைஞர் புஷ்பமாலா தலைமையில் நடந்தபோது சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸிலும் பறக்கும் ரயில் நிலையங்களிலும்கூடப் படங்கள் இருந்தன. 2024 டிசம்பரில் தொடங்கிய நான்காவது விழாவில் வாடிப்பட்டிக்காரரான ஜெய்சிங் நாகேஸ்வரன் தமிழ்நாட்டுப் புகைப்படக்காரர்களின் படங்களைத் தொகுத்து ‘வானேறும் விழுதுகள்’ என்ற கண்காட்சியை அமைத்தார். ஆர்லுக்கு விமானம் ஏற முடியாதவர்கள் நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் போதும்.

“எல்லாம் சரி தம்பி, கல்யாண வீட்டுக்கு ஆல்பம் போடுற எனக்கு இதுல என்ன இருக்கு?” (டவுனில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் கேட்டது)

அண்ணாச்சி, உங்களுக்குத்தான் இதில் அதிகம் இருக்கிறது.

பமாக்கோவில் சேய்டு கெய்த்தா என்று ஒருவர் இருந்தார். 1948இல் ஸ்டுடியோ திறந்தார். பூப்போட்ட துணியைப் பின்னால் கட்டி, வருகிறவருக்கு ரேடியோவோ சைக்கிளோ கொடுத்து நிற்க வைத்து எடுப்பார். காசு வாங்கிக்கொண்டு பிரிண்ட் கொடுப்பார். அவ்வளவுதான் தொழில். 1990களில் அந்த நெகட்டிவ்கள் வெளியே வந்தபோது உலகமே அசந்து போயிற்று. அதே ஊரின் இன்னொரு ஸ்டுடியோக்காரர் மாலிக் சிதிபேவுக்கு 2007இல் வெனிஸ் கலை விழாவில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் கொடுத்தார்கள். தாஜ்மகால் திரைச்சீலையும் பிளாஸ்டிக் பூந்தொட்டியும் வைத்து நீங்கள் எடுத்தது அதே வகை வேலை.

ஆர்லிலும் யார் எடுத்தது என்றே தெரியாத குடும்பப் படங்களுக்கு இடம் உண்டு. 2011இல் இணையத்தில் கிடக்கும் படங்களைப் பொறுக்கி எடுத்து வேலை செய்யும் கலைஞர்களுக்காகவே ஒரு கண்காட்சி வைத்தார்கள். மார்ட்டின் பாரும் ஜோன் ஃபோன்ட்கூபெர்ட்டாவும் உட்பட ஐந்து பேர் அதைத் தொகுத்தார்கள்.

நேரில் போய்ப் பார்க்க ஆசை. எப்போது போகலாம்?

ஜூலை முதல் வாரம் தொடக்க வாரம். புகைப்படக்காரர்களைச் சந்திக்க வேண்டுமென்றால் அப்போது போக வேண்டும். திரையிடல்களும் பெரும்பாலும் அந்த வாரத்தில்தான். அது நம் நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தை ஒட்டி வருகிற காலம் என்பதால் எது வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். படங்களை மட்டும் நிதானமாகப் பார்க்கச் செப்டம்பர் நல்லது. கூட்டமும் வெயிலும் குறைவு. மார்செய் வரை விமானத்தில் போய் அங்கிருந்து ரயில் பிடிக்கலாம். ஷெங்கன் விசா வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் முன்னதாகவே அலைய வேண்டியிருக்கும். ஜூலையில் அங்கே அடிக்கும் வெயில் நமக்குப் பழகியதுதான், மிஸ்த்ரால் என்ற வறண்ட வடகாற்றுதான் புதிதாக இருக்கும்.

நெல்லையில் இப்படி ஒன்று நடத்த முடியுமா?

விழா நடத்தலாமா என்பதைப் பிறகு பார்ப்போம். ஆர்லில் 1965இல் செய்ததை முதலில் செய்ய வேண்டும், அதாவது படங்களைச் சேர்ப்பது. இங்கே அதற்கு அவசரமும் இருக்கிறது.

ஜங்ஷன், டவுன், பாளை, அம்பாசமுத்திரம், தென்காசி என்று ஊருக்கு ஊர் பழைய ஸ்டுடியோக்கள் இருந்தன. டிஜிட்டல் வந்ததும் பல மூடப்பட்டன. நெகட்டிவ்கள் என்ன ஆயின? ஃபிலிமில் வெள்ளி இருக்கிறது என்பதால் நிறைய ஸ்டுடியோக்காரர்கள் மூட்டை மூட்டையாக எடைக்குப் போட்டுவிட்டார்கள். மீதி பரணிலும் கோணிச் சாக்கிலும் கிடக்கிறது. ஒரு தலைமுறையின் காதுகுத்து, சடங்கு, கல்யாணம், ஊருக்குப் போகும் முன் எடுத்த பாஸ்போர்ட் படம், கொழும்புக்கு அனுப்பிய குடும்பப் படம் எல்லாம் அதில் இருக்கிறது. தாமிரபரணி வெள்ளத்தையும், சுலோச்சன முதலியார் பாலத்தையும், ஈரடுக்கு மேம்பாலம் கட்டுவதையும் எடுத்தவர்களும் ஸ்டுடியோக்காரர்கள்தானே.

இந்த வேலைக்கு வழிகாட்டி நம் பக்கத்திலேயே உண்டு. புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு, தமிழகத்தின் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடி டிஜிட்டலாக்கியிருக்கிறது. அசலைக் குடும்பத்தாரிடமே விட்டுவிட்டு நகல் மட்டும் எடுத்துக்கொள்ளும் முறை. பெட்டியைக் கொடுக்கத் தயங்குகிற குடும்பங்களுக்கு அது ஏற்றது.

எங்கள் கூட்டத்தில் இதைத்தான் செய்யப் பார்க்கிறோம். மெதுவாக நடக்கிறது. ஒரு ஸ்கேனர், பருத்திக் கையுறை, அமிலம் சேராத காகித உறை, ஊரும் வருடமும் எழுதி வைக்க ஒரு நோட்டு, இவ்வளவுதான் செலவு. படத்தில் இருப்பவர் யார் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும். ஸ்கேனரை அப்புறம்கூட வாங்கிக்கொள்ளலாம். படங்களைப் பொதுவில் காட்டுவதற்கு முன் அந்தக் குடும்பத்திடம் கேட்பதும் கட்டாயம். சடங்கு வீட்டுப் படத்தை அனுமதியில்லாமல் சுவரில் மாட்டிவிட்டு, கலை என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

என் வீட்டுப் பரணில் பழைய நெகட்டிவ் இருக்கிறது. இப்போதைக்கு என்ன செய்ய?

பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்தால் முதலில் அதிலிருந்து எடுங்கள். நம் ஊர்ச் சூட்டுக்கும் ஐப்பசி ஈரத்துக்கும் பை உள்ளே வேர்த்து, ஃபிலிம் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். தண்ணீரோ ஸ்பிரிட்டோ போட்டுத் துடைக்காதீர்கள். ஓரத்தைப் பிடித்து எடுத்து, காகித உறையில் தனித்தனியாக வைத்து, தரையோடும் ஓட்டுக்கூரையோடும் ஒட்டாத ஓர் அலமாரியில் வையுங்கள். கண்ணாடி நெகட்டிவ் என்றால் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைக்க வேண்டும். பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த வாடை மற்றவற்றையும் கெடுக்கும் என்பதால் அவற்றை உடனே பிரித்து வேறு இடத்தில் வைத்து, ஸ்கேன் செய்வதில் அவற்றுக்கு முதலிடம் கொடுங்கள்.